கிராங்க் சீல் ஒழுகுதா? சீல் மட்டும் மாத்துனா பத்தாது

வணக்கம் மக்களே. இன்னைக்கு முன்பக்க கிராங்க் ஆயில் சீல், அதாவது கிராங்க் ஷாஃப்ட் இன்ஜின விட்டு வெளிய வர்ற எடத்துல ஆயில் ஒழுகாமத் தடுக்குற வளையம். வண்டியத் தூக்கி ஸ்டாண்டு குடுத்து, வலது முன்சக்கரத்தையும் உள்ள இருக்க பிளாஸ்டிக் கவரையும் கழட்டியாச்சு. ஜாக்கிய மட்டும் நம்பி அடியில தலைய நீட்டிராதீங்க.

இந்தா பாருங்க, கிராங்க் முனையில இருக்க புல்லியச் சுத்தி ஆயில் தெறிச்சிருக்கு. உடனே சீல்தான்னு முடிவு கட்டாதீங்க. இன்ஜின் தலைமேல இருக்க டாப்பட் கவர் பேக்கிங் ஒழுகுனாலும் வழிஞ்சு இங்கனதான் வந்து நிக்கும். சுத்தமாத் துடைச்சிட்டு கொஞ்ச நேரம் ஓட விடுங்க. மேல காஞ்சிருந்து, புல்லிக்குப் பின்னால மட்டும் புதுசாக் கசிஞ்சா சீல்தான்.

அடுத்து பிசிவி வால்வு, இன்ஜினுக்குள்ள சேருற வாயுவ வெளிய விடுற வால்வு. இத நெறைய பேரு பாக்கவே மாட்டாங்க. அடைச்சிருந்தா இன்ஜினுக்குள்ள அழுத்தம் ஏறி, ஆயில சீல் வழியா வெளிய தள்ளும். கழட்டிக் குலுக்குனா கடகடன்னு கேக்கணும். கேக்கலைன்னா மாத்திருங்க, இல்லன்னா புது சீலும் சீக்கிரம் ஒழுகும்.

வால்வத் திறக்குற கேம் ஷாஃப்ட்டக் கிராங்க்கோட சேத்துச் சுத்துறது சில வண்டில செயின், சில வண்டில டைமிங் பெல்ட். செயின் வண்டின்னா புல்லியக் கழட்டுனாலே சீல் கண்ணுக்குத் தெரியும். பழைய மாருதி 800 மாதிரி பெல்ட் வண்டின்னா டைமிங் பெல்ட்டையும் கிராங்க் பல்சக்கரத்தையும் எடுக்கணும். எடுக்கிறதுக்கு முன்னால கிராங்க், கேம் பல்சக்கரத்துல இருக்க டைமிங் குறிய நேராக்கிருங்க. ஆயில் பட்ட பெல்ட்டத் துடைச்சுத் திரும்பப் போடாதீங்க, புதுசு வாங்குங்க. பெல்ட் அந்துச்சுன்னா சில இன்ஜின்ல வால்வே வளைஞ்சிரும். கேம் ஷாஃப்ட் சீலையும் இப்பவே மாத்திட்டா ரெண்டாவது தடவ கூலி மிச்சம்.

புல்லி போல்ட் சும்மா வராது. டாப் கியர்ல போட்டு, ஒருத்தர பிரேக்க மிதிக்கச் சொல்லி, நீளக் கம்பி போட்டு இளக்குங்க. ஸ்டார்ட்டர அடிச்சு இளக்குற வேலை வேண்டாம், கை போயிரும். கிராங்க்ல பல்சக்கரம், புல்லி வழுக்காமப் பிடிக்கிற கீன்னு ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கும், அது கீழ விழாமப் பாத்துக்கிடுங்க.

பழைய சீல் சூட்டுல கருப்பட்டி மாதிரி இறுகிக் கெடக்கும். திருப்புளி முனையில டேப் சுத்தி நெம்புங்க. ஷாஃப்ட்ல ஒரு கீறல் விழுந்தாலும் அது வழியா ஒழுகும். இப்ப சீலோட உள் விளிம்பு, அதாவது உதடு, ஷாஃப்ட்ல உரசுன இடத்துல நகத்த ஓட்டிப் பாருங்க. நகம் மாட்டுச்சுன்னா பள்ளம் விழுந்திருக்கு. அந்தத் தடத்துலயே புது உதடு உக்காந்தா நிக்காது. இடம் இருந்தா சீல ஒரு மில்லிமீட்டர் தள்ளி உக்கார வைங்க, இல்லன்னா ஷாஃப்ட் மேல மாட்டுற மெல்லிசான உலோக ஸ்லீவ் போடுங்க.

புது சீல்ல ஸ்பிரிங் தெரியுத பக்கம் இன்ஜினப் பாத்து இருக்கணும். சாதா ரப்பர்னா உதட்டுல இன்ஜின் ஆயில் தடவுங்க. டெஃப்லான் உதடுன்னா ஒண்ணும் தடவாம உலர்ந்தபடியே மாட்டணும். வெளி விட்டத்துக்குச் சரியான சாக்கெட்ட வச்சு, சுத்திச் சுத்தி மெதுவாத் தட்டுங்க. கோணலா அடிச்சா ஸ்பிரிங் தெறிச்சிரும், வெளிய இருந்து தெரியவும் செய்யாது.

பெல்ட் வண்டின்னா குறியெல்லாம் சேருதான்னு கையால ரெண்டு சுத்து சுத்திப் பாத்துட்டு மூடுங்க. புல்லி போல்ட்ட மேனுவல்ல சொன்ன அளவுக்கு இறுக்கத்த அளந்து காட்டுற டார்க் ரென்ச் வச்சே இறுக்கணும். லூசா விட்டா கீ தேஞ்சு கிராங்க்கே செலவு வச்சிரும். ஆயில் அளவு பாத்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க.