காகம் உட்கார்ந்ததும் பனம்பழம் விழுந்ததும்
(குடியாத்தத்தில் நூலக வாசகர்களிடையே ஆற்றிய உரை)

உடல்நலம் குன்றியிருந்தும் காட்பாடியிலிருந்து பேருந்தேறி வந்து தலைமையேற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, இந்த மாடி அறையை மாதந்தோறும் நமக்காகத் திறந்துவைக்கும் நூலகர் அவர்களே, ஷூ கம்பெனி வேலை முடிந்து வீட்டுக்கும் போகாமல் நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்கு அணிவித்த துண்டு இந்த ஊர்த் தறியில் நெய்தது என்றார்கள். அதைவிட உயர்ந்த பொன்னாடை எனக்கு வேண்டியதில்லை.

உறுதியாகத் தெரியாத காரணத்தை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பது எனக்குத் தந்த பொருள். மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன்: நடந்ததன் காரணத்தை ஊகித்துச் சொல்வது, பிறர் மனத்திலிருந்த நோக்கத்தைச் சொல்வது, 'நாட்', 'பிகாஸ்' இரண்டும் ஒரே வாக்கியத்தில் சேரும்போது பொருள் இரண்டாகப் பிளப்பது.

காகம் உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள் நம் பெரியவர்கள். காகம் உட்கார்ந்தது உண்மை, பழம் விழுந்ததும் உண்மை. இரண்டுக்கும் நடுவே 'அதனால்' என்று எழுத நமக்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்பதே கேள்வி. ஆங்கிலத்தில் 'பிகாஸ்' என்று எழுதியவுடன் நாம் அந்தக் காரணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களாகிவிடுகிறோம்.

இளமையில் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலை அலுவலகத்தில் கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். நாங்கள் அனுப்பிய கறுப்புத் தோலின் மேல் வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது என்று வெளிநாட்டிலிருந்து வாங்கியவர் எழுதி, உள்ளங்கையளவு துண்டு ஒன்றையும் வெட்டி உறையிலிட்டு அனுப்பியிருந்தார். திருநீற்றை ஊதிவிட்டாற்போல் அதன்மேல் மெல்லிய வெண்படலம் இருந்தது. மழைக்காலத்தில் ஏற்றிய சரக்கு. பூஞ்சைதான் என்று நானே முடிவுகட்டி, 'தி லெதர் டெவலப்ட் ஃபங்கஸ் பிகாஸ் இட் வாஸ் பேக்ட் டேம்ப்', அதாவது ஈரத்தோடு கட்டியதால் தோலில் பூஞ்சை பிடித்தது என்று பதில் அடித்தேன். முதலாளி கையெழுத்திட்டார், கடிதம் போய்விட்டது. நான்கு நாள் கழித்து ஃபினிஷிங் பிரிவு மேஸ்திரி என் மேசைப் பக்கம் வந்தவர் அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே கொண்டுபோய், இஸ்திரிப் பெட்டியை இளஞ்சூடாக்கி, தாளை மேலே விரித்து ஒற்றினார். வெள்ளை முழுவதும் மறைந்தது. "இது பூஞ்சை இல்ல தம்பி. பூஞ்சையா இருந்தா சூட்டுக்கு உருகுமா? தோலுக்கு ஊட்டன கொழுப்பு குளிருக்கு மேல வந்து பூத்திருக்கு" என்றார். துடைத்தால் போகக்கூடிய ஒன்றுக்காக, என் கடிதத்தையே ஒப்புதலாகக் காட்டி வாங்கியவர் சரக்கு முழுவதற்கும் விலையைக் குறைத்துவிட்டார். 'தி லெதர் மே ஹேவ் பீன் பேக்ட் டேம்ப்', அதாவது ஈரத்தோடு கட்டப்பட்டிருக்கலாம் என்று எழுதியிருந்தால், சோதித்துப் பார்க்க வழி இருந்திருக்கும். அன்று காகத்தைப் பார்த்தேன், பழத்தைப் பார்த்தேன், பனைமரத்தைப் பார்க்கவில்லை.

'மே ஹேவ்' என்பதைவிட 'மைட் ஹேவ்' சற்றுத் தயக்கமுள்ளது. தடயம் வலுவாக இருந்தால் 'மஸ்ட் ஹேவ்'. நம் பிள்ளைகள் இடறுவது இங்கேதான். வாசல் நனைந்திருப்பதைக் கண்டு 'மழை பெய்திருக்க வேண்டும்' என்கிறோம். இந்த 'வேண்டும்' ஊகத்தைக் குறிக்கிறது. கடமையைக் குறிக்கும் 'வேண்டும்' வேறு. ஊகத்துக்குரிய 'வேண்டும்' என்பதை 'ஷுட் ஹேவ்' என்று பெயர்த்தால், பெய்ய வேண்டிய மழை பெய்யாமல் போயிற்று என்று பொருள் தலைகீழாகிவிடும்.

நோக்கத்தைச் சொல்லும்போது இன்னும் கவனம் வேண்டும். வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று விடியுமுன் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் வந்த தடையும் அதற்குக் காரணங்களாக ஆவணங்களில் இருக்கின்றன. திப்பு சுல்தானின் மைந்தர்கள் அதே கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்ததும் உண்மை. அவர்கள் எந்த அளவுக்குத் தூண்டினார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒருமிக்கவில்லை. ஆகவே 'தி பிரின்சஸ் மே ஹேவ் என்கரேஜ்ட் தெம்', அதாவது இளவரசர்கள் அவர்களைத் தூண்டியிருக்கலாம் என்று எழுதுவதே நேர்மை. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை வரலாற்றுப் பாடத்திலும் மறக்கக் கூடாது.

இவ்வளவையும் நான் தமிழைக் கொண்டே விளக்கினேன் என்பதைக் கவனித்திருப்பீர்கள். என் கோரிக்கையும் அதுவே: ஆங்கிலத்தைத் தமிழ் வழியாகக் கற்பியுங்கள். 'கொல்லே ஐயம்' என்று ஐயத்துக்கென 'கொல்' என்னும் ஓர் இடைச்சொல்லையே தொல்காப்பியம் வகுத்துத் தந்திருக்கிறது. 'இருக்கலாம்', 'போலும்', 'போலிருக்கிறது', 'பெய்ததாம்' என்று ஐயத்தின் அளவையெல்லாம் நம் குழந்தை பள்ளிக்கு வருமுன்பே அறிந்திருக்கிறது. அந்தக் குழந்தையிடம் ஆங்கில வகுப்பில் தமிழ் பேசியதற்கு அபராதம் வாங்கும் பள்ளிகளை நான் அறிவேன். கையில் இருக்கும் விளக்கைப் பிடுங்கிக்கொண்டு இருட்டில் தேடச் சொல்வதை எப்படிப் பொறுப்பது? ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் கணக்கெழுதும், கடிதமெழுதும் இளைஞர்கள் இந்த இருட்டில்தான் 'பிகாஸ்' போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது செய்திக்கு நேரமில்லை என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார், அவருக்குக் கட்டுப்படுகிறேன். நூலகர் அவர்களிடமும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களிடமும் ஒன்று மட்டும் வேண்டுகிறேன். ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் இந்த அறையைத் தாருங்கள். தமிழ் வழியாக ஆங்கிலக் கடிதம் எழுத நான் கட்டணமின்றிக் கற்பிக்கிறேன். வருபவர்கள் தாங்கள் எழுதிய கடிதம் ஒன்றைக் கொண்டுவரட்டும். நான் ஓர் இஸ்திரிப் பெட்டியையும், இத்தனை ஆண்டுகளாகப் பத்திரமாக வைத்திருக்கும் அந்தக் கறுப்புத் தோல் துண்டையும் கொண்டுவருகிறேன். நன்றி, வணக்கம்.