ஆய்வேடு பாக்கி இருக்கும்போது வேலையில் சேரலாமா?

அடுத்த கேள்வி கொஞ்சம் நீளம். சுருக்கி வாசிக்கிறேன். "பிஎச்.டி. நான்காம் ஆண்டில் இருக்கிறேன். ஆராய்ச்சி வேலை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, எழுதுவது மட்டும்தான் பாக்கி. இந்த நேரத்தில் ஒரு நிறுவனத்தில் முழுநேர வேலை கிடைத்திருக்கிறது. பத்து நாளில் பதில் சொல்லச் சொல்கிறார்கள். வேலையில் சேர்ந்துகொண்டு, மாலையில் உட்கார்ந்து எழுதி முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். நெறியாளரிடம் இன்னும் சொல்லவில்லை, பயமாக இருக்கிறது. சேரலாமா?"

முதுகலையில் ப்ராஜெக்ட் மட்டும் பாக்கி வைத்திருக்கிற இரண்டு மூன்று பேரும் இதையே கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

இந்தக் கேள்வியை வாசிக்கும்போது ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். 'மட்டும்தான்'. எழுதுவது மட்டும்தான் பாக்கி. நானும் ஒரு காலத்தில் அதைச் சொன்னவன். இரண்டு இயல்களைப் பாக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். ஆறு மாதத்தில் முடிப்பதாகக் கணக்கு. மூன்று வருடத்துக்குச் சில வாரம் குறைவாக ஆனது. சோம்பல் காரணமில்லை. சொல்லப்போனால் அந்த மூன்று வருடமும் ஒரு வார இறுதியைக்கூட நிம்மதியாகக் கழிக்கவில்லை.

என்ன நடக்கும் என்று ஒரே ஒரு சனிக்கிழமையை வைத்துச் சொல்கிறேன். வேலையில் சேர்ந்து நான்காவது மாதம். அதற்கு முந்தைய மூன்று வாரமும் ஆய்வேட்டுக் கோப்பைத் திறக்கவே இல்லை. அன்று காலையில் திறந்தேன். மூன்றாம் இயலில் ஓர் அட்டவணை, அதன் ஓரத்தில் எனக்கு நானே எழுதி வைத்த குறிப்பு: "0.42 பழையது. புதுசு போடணும்." எழுதியது நான்தான். ஆனால் புதுசு எங்கே இருக்கிறது, பழையது ஏன் பழையதானது, எதுவுமே நினைவில்லை. பழைய கோப்புறைகளைத் தோண்டினேன். ஒன்றில் 0.38 இருக்கிறது, இன்னொன்றில் 0.45 இருக்கிறது. எது கடைசியாக ஓட்டியது? மதியம் வரை அதே வேலை. சரி, மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்ப்போம் என்று மென்பொருளைத் திறந்தால், மாணவர் உரிமம் காலாவதியாகி இருந்தது. அத்தோடு அந்தச் சனிக்கிழமை போயிற்று. ஆய்வேட்டில் ஒரு வரிகூடக் கூடவில்லை.

தினமும் அதிலேயே இருந்தபோது அந்தக் குறிப்பு எனக்குப் போதுமானதாக இருந்தது. மீதி விவரம் தலைக்குள் இருந்ததால்தான் அவ்வளவு சுருக்கமாக எழுதினேன். வேலைக்குப் போனதும் தலைக்குள் வேறு சமாச்சாரம் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆய்வு மாணவராக இருப்பதில் நாம் கணக்கில் எடுக்காத வசதி இதுதான்: விட்ட இடத்திலிருந்து தொடர முடியும். வாரத்துக்கு ஒருநாள் வருகிறவர் ஒவ்வொரு முறையும் விட்ட இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும்.

இப்போது கணக்குப் போடுவோம். உங்களுக்கு மீதி இருக்கிற எழுத்து வேலை 300 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுநேர மாணவராக வாரத்துக்கு 40 மணி நேரம் கொடுத்தால் எட்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். வேலையில் இருந்துகொண்டு வாரத்துக்கு 6 மணி நேரம் கொடுத்தால் 50 வாரம், அதாவது ஒரு வருடம். அந்த 6 மணி நேரத்திலும் ஒன்றரை மணி நேரம் விட்ட இடத்தைத் தேடுவதில் போகும் என்றால், மிஞ்சுவது நாலரை. அப்போது 67 வாரம் ஆகிறது. இதில் காய்ச்சல் இல்லை, அலுவலகத்தில் அவசர வேலை இல்லை, வீட்டில் ஒரு விசேஷம்கூட இல்லை. அப்படி ஒரு வருடம் யாருக்கும் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இன்னொன்று, இந்தக் கணக்கில் உங்கள் நேரம் மட்டும்தான் இருக்கிறது. நெறியாளர் ஓர் இயலைப் படித்துத் திருப்பித் தர மூன்று வாரம் எடுத்துக்கொண்டால், ஐந்து இயல்களை இரண்டிரண்டு முறை அவர் படிக்க முப்பது வாரம். நீங்கள் முழுநேரமாக இருந்தால், ஓர் இயல் அவர் மேசையில் இருக்கும்போது அடுத்ததை எழுதுவீர்கள். இரண்டும் சேர்ந்தே நகரும். மாலைநேர மாணவருக்கு அப்படி நகராது. நெறியாளர் திருத்தித் தந்த தாளைப் பார்க்கவே உங்களுக்கு இரண்டு வாரம் ஆகும். அதற்குள் அவரும் மறந்திருப்பார்.

இது எனக்கு மட்டும் நடந்த கதையில்லை. ஆய்வேடு தவிர எல்லாம் முடிந்தவர்களைக் குறிக்க அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 'ஏபிடி' என்று ஒரு பெயரே உண்டு. 'ஆல் பட் டிஸர்டேஷன்' என்பதன் சுருக்கம். தனியாகப் பெயர் வைக்கிற அளவுக்கு அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அங்கே பட்டமேற்படிப்புப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் 2008-ல் வெளியிட்ட கணக்கில், பிஎச்.டி.யில் சேர்ந்து பத்து ஆண்டுக்குள் முடித்தவர்கள் சுமார் 57 விழுக்காடுதான். விட்டுப் போனவர்கள் எல்லாரும் வேலைக்காகப் போனவர்கள் என்று சொல்ல வரவில்லை, காரணங்கள் பல. ஆனால் சேர்ந்தால் எப்படியும் முடித்துவிடுவோம் என்கிற எண்ணத்துக்கு அந்த எண் இடம் கொடுப்பதில்லை.

யாராவது உடனே கூகுள் உதாரணத்தை எடுப்பீர்கள். லாரி பேஜ், செர்ஜி பிரின் இருவரும் ஸ்டான்ஃபோர்டில் பிஎச்.டி.யைப் பாதியில் நிறுத்திவிட்டுத்தான் 1998-ல் நிறுவனம் தொடங்கினார்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் யாரிடமும் வேலைக்குச் சேரவில்லை, தங்கள் ஆராய்ச்சியையே தொழிலாக்கினார்கள். எனக்குப் பிடித்த உதாரணம் பிரையன் மே. குவீன் இசைக்குழுவின் கிதார் கலைஞர். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் விண்வெளித் தூசு பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர், 1970-களில் குழு பிரபலமானதும் அதை அப்படியே விட்டுவிட்டார். முப்பது வருடத்துக்கு மேல் கழித்துத் திரும்பி வந்து 2007-ல் ஆய்வேட்டை முடித்தார். பலரும் இதை ஆறுதலுக்காகச் சொல்வார்கள். ஆனால் இடைப்பட்ட காலத்தில் அந்தத் துறையில் அதிக ஆராய்ச்சி நடக்காததால்தான் அவருடைய பழைய அளவீடுகளுக்கு மதிப்பு இருந்தது. உங்கள் துறை அப்படிக் காத்திருக்குமா? கணினித் துறை என்றால் மூன்று வருடம் கழித்து முதல் இயலையே மாற்றி எழுதச் சொல்வார்கள்.

சரி, அப்படியானால் வேலை வேண்டாமா? அப்படி நான் சொல்லவே இல்லை. எழுதுவது என்று நாம் ஒரே சொல்லில் சொன்னாலும் உள்ளே இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, இல்லாததை உண்டாக்குவது. கிடைத்த முடிவுகளுக்கு என்ன பொருள் என்று யோசித்து, வாதத்தைக் கட்டி, வெற்றுப் பக்கத்தில் கொண்டுவருவது. இன்னொன்று, இருப்பதைச் சரிசெய்வது. நெறியாளர் கேட்ட விளக்கத்தைச் சேர்ப்பது, மேற்கோள் பட்டியலை ஒழுங்குபடுத்துவது, படங்களைத் திரும்ப வரைவது. இரண்டாவதை அலுவலகம் விட்டு வந்த அலுப்போடும் செய்யலாம். நானே செய்திருக்கிறேன், பேருந்தில்கூட. முதலாவதை அப்படிச் செய்ய முடியவில்லை. அதற்குத் தொடர்ந்து நாலைந்து நாள் வேறு நினைப்பில்லாத தலை வேண்டும்.

அதனால் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: முழு வரைவு இருக்கிறதா? நல்ல வரைவு வேண்டாம், மட்டமான வரைவே போதும். முதல் இயலிலிருந்து முடிவுரை வரை, ஓட்டையும் ஒடிசலுமாக, ஆனால் வெற்றிடம் இல்லாமல். அது உங்கள் கையிலும் நெறியாளர் கையிலும் இருந்தால் தைரியமாக வேலையில் சேருங்கள். இல்லாவிட்டால் சேரும் தேதியைத் தள்ளுங்கள். ஆராய்ச்சி 'கிட்டத்தட்ட' முடிந்தது என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கிட்டத்தட்டவில் இன்னும் ஒரு பரிசோதனை ஒளிந்திருந்தால், அதை முடிக்காமல் போகவே போகாதீர்கள். ஆய்வகத்துக்கு நேரில் போய்ச் செய்ய வேண்டியது எதுவும் மாலை நேர வேலை ஆகாது.

தேதியைத் தள்ளலாமா என்று பலரும் கேட்பதே இல்லை. ஆஃபர் லெட்டர் வந்ததும் பதில் ஆம் அல்லது இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். உங்களைப் பத்து நாளில் பதில் சொல்லச் சொன்னார்களே தவிர, பத்து நாளில் வந்து சேரச் சொல்லவில்லை. கேட்டுப் பாருங்கள். வேறு நிறுவனத்தில் வேலை செய்கிறவரை எடுத்தால் அவருடைய நோட்டீஸ் காலம் முடிய மூன்று மாதம்கூடக் காத்திருக்கிறார்கள். 'ஆய்வேட்டின் முழு வரைவைக் கொடுத்துவிட்டு இன்ன தேதியில் சேருகிறேன்' என்று தேதியோடு கேளுங்கள். 'கொஞ்சம் அவகாசம் வேண்டும்' என்று கேட்டால் மறுப்பது சுலபம், தேதி சொன்னால் அவர்கள் நாள்காட்டியைப் பார்ப்பார்கள். மூன்று மாதம் கேட்டு இரண்டு மாதம் கிடைத்தாலும் லாபம்தான்.

கையெழுத்துக்கு முன்னால் சில காகிதங்களையும் பார்த்துவிடுங்கள். நிறுவன ஒப்பந்தத்தில், வேலைக்காலத்தில் நீங்கள் உருவாக்குவது எல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம் என்று ஒரு பிரிவு இருக்கலாம். எதையும் வெளியிட அனுமதி வாங்க வேண்டும் என்றும் இருக்கலாம். உங்கள் ஆய்வேடு அதில் சிக்காது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், மின்னஞ்சலாக இருந்தாலும் பரவாயில்லை. பல்கலைக்கழகப் பக்கம், உதவித்தொகை வாங்கிக்கொண்டே முழுநேரச் சம்பளமும் வாங்குவதைப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. பகுதிநேரமாக மாற்றிக்கொள்ள முடியுமா, கட்டணம் எவ்வளவு, அதிகபட்சக் கால வரம்பு என்ன என்று கேளுங்கள். அந்தக் கடிகாரம் நீங்கள் வேலைக்குப் போனாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வெளிநாட்டில் மாணவர் விசாவில் இருப்பவர்கள் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள். அமெரிக்காவில் சிபிடி அனுமதியில், அதாவது படிப்பின் பகுதியாகப் படிக்கும்போதே வேலை செய்யத் தரும் அனுமதியில், பன்னிரண்டு மாதம் முழுநேரமாக வேலை செய்துவிட்டால், அதே நிலைப் படிப்புக்கான ஓபிடி வாய்ப்பு போய்விடும். ஓபிடி என்பது பெரும்பாலும் படிப்பு முடிந்ததும் துறை சார்ந்த வேலை செய்யத் தரும் அனுமதி. இதைப் பின்னால் தெரிந்துகொண்டு பயனில்லை.

விண்ணப்பத்தில் என்ன எழுதினீர்கள் என்பதையும் ஒருமுறை திரும்பப் பாருங்கள். 'பிஎச்.டி., ஆய்வேடு சமர்ப்பிக்கப்பட உள்ளது' என்றால் பிரச்சினை இல்லை. வெறுமனே பிஎச்.டி. என்று போட்டிருந்தால் இன்றே அவர்களிடம் சொல்லித் திருத்திவிடுங்கள், சரிபார்ப்பில் மாட்டினால் வேலையே போய்விடும்.

இதெல்லாம் பார்க்காமல் உடனே கிளம்ப வேண்டியவர்களும் இருக்கிறார்கள். உதவித்தொகை நின்றுவிட்டது, கடன் ஏறுகிறது, வீட்டில் உங்களை நம்பி இருக்கிறார்கள் என்றால் வேலையில் சேருங்கள். அந்த முடிவுக்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. போகிற வழியில் பட்டம் தேவையே இல்லை என்று உங்களுக்கே தெரிந்துவிட்டாலும் அப்படித்தான். ஆனால் அப்போது 'மாலையில் முடித்துவிடுவேன்' என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். முறைப்படி விலகிவிடுங்கள், அல்லது ஒரு தேதி வைத்து அதற்குள் முடியாவிட்டால் விலகுவது என்று இருங்கள். முடிக்கவும் இல்லை, விடவும் இல்லை என்று இருந்த அந்த மூன்று வருடம்தான் எனக்குப் பெரிய செலவு.

கடைசியாக நெறியாளர். அவரிடம் சொல்லப் பயமாக இருக்கிறது என்கிறீர்கள், புரிகிறது. ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகு சொன்னால் அது தகவல், முன்னால் சொன்னால் ஆலோசனை. நான் முதலாவதைச் செய்தேன். அவர் கோபப்படவில்லை, 'நல்லது' என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு என் இயல்கள் அவர் மேசையில் அடியில் போய்விட்டன. அவர்மேல் தப்பு சொல்ல மாட்டேன். தினமும் கண்ணில் படுகிற மாணவர்கள் நான்கு பேர் அவருக்கு இருந்தார்கள்.

போய் உட்கார்ந்ததும் 'வேலைக்குப் போகட்டுமா' என்று ஆரம்பிக்காதீர்கள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் போங்கள். 'ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இன்னும் என்னென்ன வேண்டும் என்று இருவரும் சேர்ந்து எழுதிவிடலாமா?' என்று கேளுங்கள். அரை மணி நேரத்தில் பட்டியல் வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை நாள் என்று போடச் சொல்லுங்கள். அதன் பிறகு வேலை விஷயத்தைச் சொல்லுங்கள். அந்தத் தாளைப் பார்த்துத்தான் அவரும் பேசுவார், நீங்களும் பேசுவீர்கள். வீட்டுக்கு வந்ததும் அதைப் படம் எடுத்து அவருக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். நிறுவனத்திடம் எந்தத் தேதியைக் கேட்பது என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கும். பத்து நாளில் ஒருநாள் இதற்குப் போதும். அந்தத் தாளில் என்ன வந்தது என்று எழுதுங்கள், அதை வைத்து மேற்கொண்டு பேசலாம்.