ஏரியா, ஏறியா?

நேயர்களுக்கு வணக்கம். பார்வையில்லாத பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தருவது என் வேலை. அப்படி ஒரு பிள்ளை நாளைக்குப் பக்கத்துத் தெருப் பள்ளியில் எல்லாரோடும் உட்கார்ந்து படிக்கப் போகிறது. போகுமுன், புடைத்த புள்ளிகளைத் தடவிப் படிக்கும் பிரெய்ல் எழுத்து அதன் விரலுக்குப் பழகியிருக்க வேண்டும். போன பிறகு இல்லை, போகுமுன்.

எடுத்த எடுப்பில் தாளைத் தொடுவதில்லை. பச்சைப்பயறையும் துவரையையும் கலந்து தட்டில் கொட்டி, தடவிப் பிரிக்கச் சொல்வேன். அப்புறம் முட்டை அட்டை. அதில் ஆறு குழியை வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பிரெய்ல் எழுத்துக்குப் புள்ளி வைக்கும் இடங்கள் இந்த ஆறும்தான். இடப்பக்கம் மேலிருந்து கீழாக மூன்று, வலப்பக்கம் மூன்று. இடப்பக்க மேல்குழியில் மட்டும் ஒரு புளியங்கொட்டை போட்டால் அது 'அ'. அதே இடப்பக்கத்தின் கீழ்க்கடைசிக் குழியிலும் ஒன்று போட்டால் 'க'. இப்படி 63 விதமாக வைக்கலாம். இந்திக்காரப் பிள்ளைக்கும் 'அ' இதே ஒற்றைப் புள்ளிதான். 1951-இல் வந்த பாரதி பிரெய்ல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொது.

"போன்தான் எல்லாத்தையும் படிச்சுக் காட்டுதே, இது எதுக்கு மேடம்?" என்று ஓர் அம்மா கேட்டார். நிறையப் பேர் கேட்பதுதான். அவர் மகள் கெட்டிக்காரி. கதை, பாட்டு, வாய்ப்பாடு எல்லாம் காதாலேயே கற்றவள். "ஏரிக்கரையில் ஏறி நின்றான்" என்று சொல்லி, "இதில் எந்த 'ரி' எங்கே வரும்?" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?" என்றாள். அவள் காதில் தப்பில்லை. நாம் பேசும்போது இரண்டும் ஒன்றாகத்தானே கேட்கிறது! போன் வாசித்தாலும் அப்படித்தான். ஆனால் பிரெய்லில் 'ர'வுக்கு வேறு புள்ளிகள், 'ற'வுக்கு வேறு புள்ளிகள். இரண்டையும் குத்திக் கொடுத்தேன். மாறி மாறித் தடவிப் பார்த்துவிட்டு, "அப்போ மரத்துக்கு எது? காத்துக்கு எது?" என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்துவிட்டாள். அம்மா பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. போன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்பது வேறு, படிப்பது வேறு. பரீட்சையில் விடையைச் சொல்லி வேறொருவரை எழுதவைக்கும் பிள்ளைக்கு எழுத்தும் தெரிந்திருக்க வேண்டும்.

நேரமாகிவிட்டது என்று கைகாட்டுகிறார்கள். கணக்கைப் பற்றிச் சொல்ல நினைத்தேன், இன்னொரு நாள். ஆசிரியர்களே, கரும்பலகையில் "இதையும் இதையும் கூட்டினால்" என்று சொல்லாதீர்கள். எண்ணை வாய்விட்டுச் சொல்லி எழுதுங்கள். பெற்றோருக்கு ஒன்று: பிரெய்ல் பாடநூலுக்கு ஜூன் வரை காத்திருக்காதீர்கள். சேர்க்கையன்றே கேட்டுவையுங்கள். வணக்கம்.