தலைவரின் கடவுளை எப்படிப் படிப்பது?

(வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

ஆபிரகாம் லிங்கன் தன் மகனின் ஆசிரியருக்கு எழுதியதாக ஒரு கடிதம் நம் ஊர்ப் பள்ளிக்கூடச் சுவர்களில் தொங்கும். ஆசிரியர் தினம் வந்தால் வாட்ஸ்அப்பிலும் வந்துவிடும். படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் லிங்கன் அதை எழுதியதற்கு ஆதாரமே இல்லை. 1950களில் எட்டுத் தொகுதிகளாக வந்த அவருடைய எழுத்துகளின் தொகுப்பில் அப்படியொரு கடிதம் கிடையாது. பெரிய மனிதர் ஒருவர் இறந்த பிறகு, அவர் சொல்லியிருந்தால் நன்றாக இருக்குமே என்று நாம் நினைப்பதெல்லாம் மெல்ல அவர் சொன்னதாகவே ஆகிவிடுகிறது. கடவுள் விஷயத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

தலைவர்களின் ஆன்மிக நம்பிக்கையைப் பற்றி வரும் ஜனரஞ்சகப் புத்தகங்களை எப்படி வாசிப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் இது ஒரு தனி வியாபாரம். ஜார்ஜ் புஷ்ஷின் மத நம்பிக்கையைப் பற்றி 2003-இல் ஒரு புத்தகம் வந்தது, ஒபாமாவின் நம்பிக்கையைப் பற்றி 2008-இல் ஒன்று. எழுதியவர் ஒருவரே. இரண்டும் தேர்தல் சூட்டில் வந்தவை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஓட்டுப் போடுகிறவருக்கு வேட்பாளரின் மனசுக்குள் எட்டிப் பார்க்க ஆசை. பதிப்பாளருக்கு அந்த ஆசை தெரியும்.

இந்த வியாபாரத்தின் முன்னோடி என்று மேசன் வீம்ஸ் என்ற பாதிரியாரைச் சொல்லலாம். ஊர் ஊராகப் போய்ப் புத்தகம் விற்றவர். ஜார்ஜ் வாஷிங்டன் 1799-இல் இறந்தார். அடுத்த ஆண்டே வீம்ஸ் எழுதிய வாழ்க்கை வரலாறு கடைக்கு வந்துவிட்டது. செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் உண்மையைச் சொன்ன சிறுவனை நம் பாடப்புத்தகம் வரை கொண்டுவந்து சேர்த்தவர் இவர்தான். சுதந்திரப் போரின்போது வேலி ஃபோர்ஜ் பாசறையில் வாஷிங்டன் தனியே மண்டியிட்டு ஜெபித்தார் என்ற கதையைப் பரப்பியவரும் இவரே. அந்தக் காட்சி ஓவியமாயிற்று, 1928-இல் அஞ்சல்தலையாகவும் ஆயிற்று. ஆனால் அதைப் பார்த்ததாக அந்தக் காலத்தில் எழுதிவைத்தவர் ஒருவரும் இல்லை.

சரி, லிங்கனுக்கு வருவோம். அவர் சுடப்பட்டது 1865 ஏப்ரல் 14, புனித வெள்ளி. மறுநாள் காலை இறந்தார். ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர். அன்று பிரசங்க மேடை ஏறிய போதகர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மோசேயோடும் கிறிஸ்துவோடும் அவரை ஒப்பிடாமல் எப்படி இருப்பார்கள்? ஒரே வாரக் கடைசியில் ஓர் அரசியல்வாதி அருளாளர் ஆகிவிட்டார்.

அடுத்த ஆண்டு ஜோசையா ஹாலந்து என்பவர் ஒரு வாழ்க்கை வரலாறு வெளியிட்டார். அதில் இப்படி ஒரு காட்சி வரும். 1860 தேர்தல் நேரம். இல்லினாய் மாநிலக் கல்வி அதிகாரி நியூட்டன் பேட்மனை லிங்கன் தன் அறைக்கு அழைக்கிறார். கையில் தன் ஊரான ஸ்பிரிங்ஃபீல்டின் வாக்காளர் பட்டியல். ஊரில் உள்ள 23 போதகர்களில் மூன்று பேரைத் தவிர மற்ற எல்லோரும் தனக்கு எதிராக இருப்பதைக் காட்டி வருந்துகிறார். அப்புறம் சட்டைக்குள்ளிருந்து பைபிளின் புதிய ஏற்பாட்டை எடுத்து, கண்ணீரோடு, கிறிஸ்துவே கடவுள் என்று அறிக்கையிடுகிறார்.

சினிமாவுக்கே எழுதினது போல இருக்கிறது, இல்லையா? இதைப் படித்து ஒருவருக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் வில்லியம் ஹெர்ன்டன், லிங்கனோடு பதினாறு ஆண்டுக்கு மேல் வக்கீல் தொழில் நடத்திய கூட்டாளி. என் லிங்கன் அப்படிப் பேசுகிறவர் இல்லை என்று பேட்மனிடமே கேட்கப் போனார். பேட்மன் பட்டும் படாமலும் பேசினார் என்பது ஹெர்ன்டன் தரும் தகவல். 1866-லேயே லிங்கனின் மனைவி மேரியையும் பேட்டி எடுத்தார். என் கணவர் எந்தச் சபையிலும் சேரவில்லை, இயல்பில் பக்தி உள்ளவர், ஆனால் முறைப்படியான கிறிஸ்தவர் என்று சொல்ல முடியாது என்கிற பொருளில் மேரி பேசியதாகக் குறித்துக்கொண்டார். சில ஆண்டு கழித்து ஹெர்ன்டன் அதை மேடையில் சொன்னபோது, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று மேரி மறுத்தார். இருவருக்கும் ஆகவே ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அதற்காக ஹெர்ன்டனை அப்படியே நம்பிவிடலாமா? லிங்கன் இளவயதில் பைபிளை மறுத்து ஒரு கட்டுரை எழுதினார், நண்பர் ஒருவர் அதைப் பிடுங்கி அடுப்பில் போட்டுவிட்டார் என்று அவர் தரப்பில் ஒரு கதை உண்டு. எரிந்துபோன காகிதம்! அதைவிட வசதியான ஆதாரம் வேறு என்ன இருக்க முடியும்? பக்தர் தரப்புக்கு ஒரு சட்டைப்பை பைபிள், நாத்திகர் தரப்புக்கு ஓர் அடுப்பு. இன்றுவரை வரும் ஜனரஞ்சகப் புத்தகங்களில் பாதி, இந்த இரண்டில் ஒன்றைத்தான் புது அட்டை போட்டு விற்கின்றன.

ஆகவே, நம்பினாரா இல்லையா என்று கேட்டுக்கொண்டு போகும் புத்தகம் என்னைப் பொறுத்தவரை பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. ஒரு முடிவு எடுத்தே ஆகவேண்டிய நாளில் அந்த நம்பிக்கை என்ன வேலை செய்தது, அதை அன்றைக்கே எழுதிவைத்தது யார்? நான் தேடுவது இதைத்தான். லிங்கன் விஷயத்தில் இதற்குப் பதில் கிடைக்கிறது. 1862 செப்டம்பரைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அடிமை முறையை விடாத தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோனதால் மூண்ட உள்நாட்டுப் போர், லிங்கனின் வடக்குக்குச் சாதகமாக இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் வெள்ளை மாளிகையிலேயே லிங்கனின் பதினோரு வயது மகன் வில்லி காய்ச்சலில் இறந்திருந்தான். அடிமைகளை விடுவிக்கும் அறிக்கையின் வரைவு ஜூலையிலேயே தயார். ஒரு போர் வெற்றிக்குப் பிறகு வெளியிட்டால்தான் மரியாதை, இல்லாவிட்டால் தோற்கிறவன் புலம்பல் மாதிரி ஆகிவிடும் என்று அமைச்சர் சூவர்ட் சொன்னதால் கிடப்பில் இருந்தது. செப்டம்பர் 13-இல் சிகாகோவிலிருந்து போதகர்கள் இருவர் மனுவோடு வருகிறார்கள். உடனே விடுதலை கொடுங்கள், இது கடவுளின் சித்தம் என்கிறார்கள். லிங்கன் சொன்ன பதிலின் சாரம் இது: எதிரெதிர்க் கருத்துள்ள பக்திமான்கள் எல்லோருமே கடவுளின் சித்தம் தங்களுக்குத் தெரியும் என்றுதான் என்னிடம் வருகிறார்கள். என் கடமை சம்பந்தப்பட்ட விஷயத்தைக் கடவுள் மற்றவர்களுக்குச் சொல்வாரென்றால், நேரே எனக்கே சொல்லலாமே?

வரைவு மேசை இழுப்பறைக்குள் இருக்கும்போதே இப்படிப் பேசுகிறார் என்பதைக் கவனியுங்கள். அரசியல்வாதிதானே.

நான்கு நாள் கழித்து ஆன்டீட்டம் போர். ஒரே நாளில் இரு பக்கமும் சேர்த்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டும் காயம்பட்டும் காணாமலும் போனார்கள். தெற்குப் படைத்தலைவர் லீ மேரிலாந்தை விட்டுப் பின்வாங்கினார். செப்டம்பர் 22-இல் அமைச்சரவை கூடுகிறது. முதல் காரியமாக லிங்கன் ஒரு நகைச்சுவைக் கட்டுரையை எடுத்து உரக்கப் படித்துக் காட்டிச் சிரிக்கிறார். போர் அமைச்சர் ஸ்டான்டன் மட்டும் சிரிக்கவில்லை. பிறகுதான் விஷயத்துக்கு வருகிறார். லீயின் படை மேரிலாந்திலிருந்து விரட்டப்பட்டால் இந்த அறிக்கையை வெளியிடுவதாக உறுதி எடுத்திருந்தேன் என்கிறார்.

அந்த அறையில் இருந்த இரண்டு அமைச்சர்கள் நாட்குறிப்பு எழுதுகிறவர்கள். கடற்படை அமைச்சர் கிடியன் வெல்ஸின் குறிப்பில் லிங்கன் கடவுளோடு உடன்படிக்கையே செய்துகொண்டதாக வருகிறது: வெற்றி கிடைத்தால் அதைத் தெய்வ சித்தத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்வேன், கடவுள் அடிமைகளின் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டார் என்று. நிதியமைச்சர் சால்மன் சேஸின் குறிப்பு வேறு மாதிரி. எனக்கு நானே வாக்குக் கொடுத்துக்கொண்டேன் என்று சொன்ன லிங்கன், சற்றுத் தயங்கி, என்னைப் படைத்தவருக்கும் கொடுத்தேன் என்று சேர்த்துக்கொண்டாராம். அந்தத் தயக்கத்தைச் சேஸ் மறக்காமல் எழுதியிருக்கிறார். இத்தனைக்கும் சேஸ் பக்தி மிகுந்தவர், லிங்கனின் பதவிமேல் கண் உள்ளவர். தலைவரைப் பக்திமானாகக் காட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. என்னிடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் சேஸின் தயக்கத்தைத்தான் எடுப்பேன். அதைக் கற்பனை செய்து எழுதுவதால் யாருக்கும் லாபமில்லை.

ஜனரஞ்சக ஆசிரியர்கள் என்ன செய்கிறார்கள்? பெரும்பாலும் வெல்ஸை எடுத்துக்கொள்கிறார்கள், நகைச்சுவைக் கட்டுரையையும் தயக்கத்தையும் விட்டுவிடுகிறார்கள். ஒரே கூட்டத்தில் சிரிப்பும் பொருத்தனையும் இருந்தால் வாசகர் குழம்பிவிடுவார் என்று பயம் போலிருக்கிறது. நமக்கு அது பழக்கமில்லாத விஷயமா? கோயில் வரிசையில் நின்றுகொண்டே அரட்டை அடிக்கிறவர்கள்தானே நாம்.

லிங்கன் இறந்த பிறகு அவருடைய காகிதங்களில் ஒரு குறிப்பு கிடைத்தது. தேதி இல்லை. 1862 செப்டம்பர் என்று பலரும், 1864 என்று சிலரும் கணிக்கிறார்கள். பெரிய மோதல்களில் இரு தரப்பும் கடவுளின் விருப்பப்படி நடப்பதாகச் சொல்கின்றன, கடவுளின் நோக்கம் இரண்டிலிருந்தும் வேறானதாக இருக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறார். யாருக்கும் காட்ட எழுதியதாகத் தெரியவில்லை. அதனால்தான் இந்தச் சிறு தாளை மேடைப் பேச்சுகள் பலவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன்.

இந்த எண்ணம் மேடைக்கு வந்தது 1865 மார்ச் 4-இல், இரண்டாவது பதவியேற்பு உரையில். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில். கூட்டம் ஜெயகோஷத்தை எதிர்பார்த்து நிற்கிறது. அவரோ, இரு தரப்பும் ஒரே வேதத்தைப் படிக்கிறோம், ஒரே கடவுளிடம் ஜெபிக்கிறோம் என்கிறார். பிறர் முகத்தின் வேர்வையில் தன் ஆகாரத்தைப் பிழிந்தெடுக்கக் கடவுளின் உதவியைக் கேட்பது விசித்திரம்தான் என்று தெற்கை ஓர் இடி இடிக்கிறார். உடனே, நாமும் தீர்ப்பிடாதிருப்போம் என்று பைபிளின் மத்தேயு நற்செய்தியைத் துணைக்கு அழைக்கிறார். அடிமை முறையின் பாவத்தை வடக்கின் தலையிலும் சேர்த்தே வைக்கிறார். மொத்தம் ஏறக்குறைய 700 சொற்கள்தான். பதினோரு நாள் கழித்துத் தர்லோ வீட் என்ற அரசியல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இந்த உரை உடனடியாகப் பிரபலமாகாது, கடவுளுக்கும் தங்களுக்கும் நோக்கத்தில் வேறுபாடு உண்டு என்று காட்டினால் மனிதர்களுக்குப் பிடிப்பதில்லை என்றார்.

இனி, கடையில் நின்றபடியே நீங்கள் செய்யக்கூடிய ஒரு சோதனையைச் சொல்லி முடிக்கிறேன். லிங்கனின் பக்தி பற்றிய புத்தகம் எதையாவது எடுத்தால் முதலில் பின்னட்டையைப் பார்க்காதீர்கள். கடைசிப் பக்கங்களில் பெயர்ப் பட்டியல் இருக்கும், அதில் பேட்மன் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்துக்குப் போங்கள். ஹெர்ன்டனின் மறுப்பைச் சொல்லாமல் அந்தக் காட்சியை அப்படியே எழுதியிருந்தால் அலமாரியில் திருப்பி வைத்துவிடலாம். இரண்டையும் சொல்லியிருந்தால், அடுத்து 1862 செப்டம்பர் 22-க்குப் போய், ஸ்டான்டன் சிரிக்காததை ஆசிரியர் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். எழுதியிருந்தால் தைரியமாகப் பணத்தைக் கொடுங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.