செய்தி கேட்ட இயேசு: லூக்கா 13 சொல்லும் வழி

(திரையில்: கைப்பேசியில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும் செய்திகள். அறிவிப்பு ஒலி மெல்ல அடங்குகிறது.)

எல்லாருக்கும் அன்பின் வணக்கம்.

எங்கேயோ ஒரு நிலநடுக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிந்து கிடக்கிற கட்டிடங்களின் படம் நம் கைக்கு வந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. இடிபாட்டுக்கு அடியில் இன்னும் யாராவது மூச்சுவிட்டுக்கொண்டிருக்கலாம். அதற்குள் சபை வாட்ஸ்அப் குழுவில் ஒரு வசனம் வந்துவிடும். கூடவே ஒரு வரி: ‘அந்த தேசத்தின் பாவத்துக்கு வந்த தண்டனை.’ அதற்குக் கீழே வரிசையாக ‘ஆமென்’, ‘ஆமென்’. நானும் ஒரு காலத்தில் அப்படி ஆமென் போட்டிருக்கிறேன். லூக்கா 13-ஆம் அதிகாரத்தை ஒரு நாள் நிறுத்தி நிதானமாக வாசித்த பிறகு அது முடியாமல் போனது.

அந்த அதிகாரத்தைத்தான் இன்றைக்குப் பார்க்கப்போகிறோம். ஒரு படுகொலை, ஒரு கட்டிட விபத்து, ஆலயத்துக்குள் ஒரு சச்சரவு, ஆட்சியாளனிடமிருந்து ஒரு கொலைமிரட்டல். எல்லாம் ஒரே அதிகாரத்தில். அன்றைய நாட்டுநடப்பு இது. இதையெல்லாம் கேட்ட இயேசு என்ன செய்தார்?

(திரையில்: லூக்கா 13:1-5)

முதல் செய்தியை மக்கள்தான் கொண்டுவருகிறார்கள். பலி செலுத்த வந்த சில கலிலேயர்களை ரோம ஆளுநன் பிலாத்து கொன்றுவிட்டான். அவர்களுடைய இரத்தம் அவர்கள் கொண்டுவந்த பலிகளின் இரத்தத்தோடு கலந்தது. இயேசுவும் கலிலேயர்தான். சொந்த ஊர்க்காரர்கள் செத்திருக்கிறார்கள். ‘பாவிகள், அதனால்தான் இப்படி’ என்பாரா, இல்லை, ரோமுக்கு எதிராகக் கிளம்புங்கள் என்பாரா? கேட்டவர்கள் இதில் ஏதோ ஒன்றை எதிர்பார்த்திருப்பார்கள்.

அவர் திருப்பிக் கேட்கிறார்: செத்துப்போன அவர்கள் மற்ற எல்லாக் கலிலேயரையும்விடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா? பதிலையும் அவரே சொல்கிறார்: ‘அப்படியல்ல.’

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் யாருமே கேட்காத இன்னொரு செய்தியை அவராகவே எடுக்கிறார். சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தார்களே, அவர்கள்தான் எருசலேமிலேயே பெரிய குற்றவாளிகளா? மறுபடியும், ‘அப்படியல்ல.’

இதைக் கொஞ்சம் கவனியுங்கள். முதல் சம்பவம் ஒரு மனிதன் வேண்டுமென்றே செய்த கொடுமை. இரண்டாவது விபத்து. இரண்டுக்கும் ஒரே பதில். செத்தவர்களின் கணக்கைப் பார்க்கிற வேலையை அவர் நம் கையில் தரவில்லை. அடுத்த வரி நேராக நம்மிடம் வருகிறது: நீங்கள் மனந்திரும்பாவிட்டால் நீங்களும் அப்படியே கெட்டுப்போவீர்கள். பாவத்தை அவர் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இடிபாட்டை நோக்கி நீண்டிருந்த விரலைப் பிடித்து, நீட்டியவர் பக்கமே திருப்பிவிட்டார்.

(திரையில்: பழைய வரைபடம். லிஸ்பன், 1755.)

1755 நவம்பர் 1. சகல பரிசுத்தவான்களின் திருநாள். லிஸ்பன் நகரத்துத் தேவாலயங்களில் கூட்டம் நிரம்பியிருந்தபோது பூமி அதிர்ந்தது. ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள்மேல் கூரை விழுந்தது. பிறகு கடல் பொங்கியது, தீப்பிடித்தது. அடுத்த வருடம் கபிரியேல் மலகிரீடா என்ற இயேசுசபைக் குரு, இதற்குக் காரணம் லிஸ்பன் மக்களின் பாவமே என்று ஒரு சிறு நூலில் எழுதினார். வேறு நாடுகளில் இருந்த சில புராட்டஸ்டன்ட் போதகர்களுக்கோ, அந்த நகரத்தில் நடந்துவந்த சமய விசாரணைக்கு, அதாவது மாற்றுக் கொள்கையாளரைத் தண்டித்த கத்தோலிக்க நீதிமன்றத்துக்கு, வந்த தண்டனையாக அது தெரிந்தது. ஒரே இடிபாடு. அவரவர் தமக்குப் பிடிக்காதவரின் பாவத்தை அதற்குள்ளிருந்து தோண்டி எடுத்தார்கள். லூக்கா 13 அவர்கள் எல்லாருடைய வேதாகமத்திலும் இருந்தது.

உலக முடிவுக்குத் தேதி குறிப்பதும் இதே ரகம்தான். அமெரிக்கப் பிரசங்கி வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 என்றார்கள். அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹெரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார். தப்பாகப் போன பிறகு, 2012-இல் கேம்பிங் அது தவறு என்று ஒப்புக்கொண்டு எழுதினார். அந்த நாளையும் மணிநேரத்தையும் ஒருவனும் அறியான் என்று ஆண்டவரே சொல்லியிருக்கும்போது, ஒவ்வொரு போர்ச்செய்தியையும் நாட்காட்டியோடு ஒட்டிப் பார்ப்பதை நாம் விட்டுவிடலாம்.

(திரையில்: லூக்கா 13:10-17. குனிந்த ஒரு பெண்ணின் நிழல், தரையில்.)

இப்போது அதிகாரத்தின் நடுப்பகுதி. ஓய்வுநாள், ஜெப ஆலயம். அங்கே ஒரு பெண், 18 வருடமாகக் கூனி. நிமிரவே முடியாது. 18 வருடமாக அவள் பார்த்ததெல்லாம் தரையும் அடுத்தவர் பாதங்களும்தான். எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தைப் பக்கவாட்டில் திருகித்தான் பார்த்திருப்பாள். இயேசு அவளைக் கூப்பிட்டு, கைவைத்து, நிமிர்த்துகிறார். அவள் நிமிர்ந்து தேவனைத் துதிக்கிறாள்.

ஜெப ஆலயத்தலைவனுக்குக் கோபம். ஆனால் இயேசுவிடம் நேராகச் சொல்லவில்லை, கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறான்: வேலைசெய்ய ஆறு நாள் இருக்கிறதே, அந்த நாட்களில் வந்து சுகமாகுங்கள். சுகமாவதை அவன் மறுக்கவில்லை. இன்றைக்கு வேண்டாம் என்கிறான், அவ்வளவுதான்.

1963 ஏப்ரல் 12, பெரிய வெள்ளி. அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் நிறவெறிச் சட்டங்களுக்கு எதிராக ஊர்வலம் போன மார்ட்டின் லூதர் கிங்கைக் கைதுசெய்தார்கள். அவரும் ஒரு போதகர். அதே நாளில் அந்த மாநிலத்தின் வெள்ளைக்கார மதத்தலைவர்கள் எட்டுப் பேர் ஓர் அறிக்கை விட்டார்கள். நிறவெறி நல்லது என்று அதில் எழுதவில்லை. இந்தப் போராட்டம் விவேகமானதல்ல, இதற்கு இது நேரமல்ல என்றுதான் எழுதினார்கள். சிறையிலிருந்து ஏப்ரல் 16 தேதியிட்டு கிங் எழுதிய நீண்ட கடிதம் அவர்களுக்குத்தான். ‘பொறு’ என்ற வார்த்தை பெரும்பாலும் ‘ஒருபோதும் இல்லை’ என்றே ஆகிவிட்டது என்று அதில் சொன்னார்.

அந்தக் கடிதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஜெப ஆலயத்தலைவன் ஞாபகம் வருகிறான். அநியாயத்தை நாமும் பெரும்பாலும் ஆதரிப்பதில்லை. ‘ஆறு நாள் இருக்கிறதே’ என்கிறோம். ஆண்டவர் அவனுக்குச் சொன்ன பதில் ரொம்பச் சாதாரணமானது: ஓய்வுநாளில் உன் எருதையும் கழுதையையும் அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறாயே, ஆபிரகாமின் மகளாகிய இவளை அவிழ்க்கக் கூடாதா? சமூகநீதியைப் பற்றிப் பேசினாலே ‘சபைக்குள் அரசியல் வேண்டாம்’ என்று எழுகிற குரலுக்கு, இந்தத் தண்ணீர்த்தொட்டியைக் காட்டினாலே போதும் என்று நினைக்கிறேன்.

(திரையில்: லூக்கா 13:31-33)

சரி, இப்போது நேரடி அரசியல். பரிசேயர் சிலர் வந்து, ஏரோது உம்மைக் கொல்லப் பார்க்கிறான், இங்கிருந்து போய்விடும் என்கிறார்கள். இது கலிலேயாவை ஆண்ட ஏரோது அந்திப்பா. யோவான் ஸ்நானகனின் தலையை வெட்டினவன். வெறும் மிரட்டல் என்று தள்ளிவிட முடியாது. இயேசுவின் பதில்: ‘அந்த நரிக்குச் சொல்லுங்கள்.’ இன்றைக்கும் நாளைக்கும் நான் சுகமாக்கிக்கொண்டுதான் இருப்பேன், என் வழியில் போய்க்கொண்டுதான் இருப்பேன்.

ஆட்சியாளன் நரி என்றால் நரி என்று சொல்ல அவர் தயங்கவில்லை. ஆனால் அன்றைய வேலை அப்படியே நடக்கிறது. நோயாளிகளை விட்டுவிட்டு ஏரோதின் பின்னால் ஓடவில்லை.

‘அப்படியானால் ரோமர் 13?’ என்று கேட்பீர்கள். மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன். ஆமாம், அது வேதம்தான். அதிகாரம் நன்மைக்கென்று தேவன் வைத்த ஊழியம் என்று பவுல் எழுதுகிறார். அதே வேதத்தில் வெளிப்படுத்தல் 13 இருக்கிறது. அங்கே அதிகாரம் மிருகமாக எழும்பி வணக்கம் கேட்கிறது. இரண்டு பதின்மூன்றையும் சேர்த்து வாசிக்காமல் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை ஜெர்மனி பார்த்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ‘ஜெர்மன் கிறிஸ்தவர்கள்’ என்ற இயக்கம் அதைத் தேவன் தந்த விடிவு என்று கொண்டாடியது. யூத வம்சத்தில் பிறந்தவர்கள் சபை ஊழியத்தில் இருக்கக் கூடாது என்றது.

அதற்கு எதிராக 1934 மே மாதம் பார்மன் என்ற இடத்தில் லுத்தரன், சீர்திருத்த சபைகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். மே 31-இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட அறிக்கையைப் பெரும்பாலும் எழுதியவர் இறையியலாளர் கார்ல் பார்த். ஆறு கூற்றுகள். முதலாவது கூற்று, இயேசு கிறிஸ்துவே நாம் கேட்டுக் கீழ்ப்படிய வேண்டிய ஒரே தேவவார்த்தை என்றது. எந்தத் தலைவனின் எழுச்சியையும் எந்த நாட்டுநடப்பையும் அதற்குச் சமமான வெளிப்பாடாகச் சபை பிரசங்கிக்கக் கூடாது.

துணிச்சலான அறிக்கை, சந்தேகமே இல்லை. ஆனால் அதில் யூதர்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பார்த் பிற்காலத்தில் அதைத் தன் குற்றமாகவே ஒப்புக்கொண்டார். சபையின் சுதந்தரத்துக்காகப் பேசினவர்கள், அடுத்த தெருவில் அடிபட்டவனுக்காகப் பேச விட்டுப்போனது. எனக்கு இது மறக்கவே முடியாத இடம். நமக்குப் பிரச்சினை வந்தால் ஜெபக்கூட்டம் வைக்கிறோம். பக்கத்துச் சமூகத்துக்கு வந்தால் அது வெறும் செய்தி ஆகிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. நமக்குப் பிடிக்காத தலைவரை நரி என்பது சுலபம். நம் ஓட்டை வாங்கினவர், நம் மேடையில் ஏறி வசனம் சொன்னவர், அவர் நரியாக நடக்கும்போது சொல்கிறோமா?

(திரையில்: அப்போஸ்தலர் 17)

சினிமா, பாட்டு, தொடர்கள் பற்றி இந்த அதிகாரத்தில் எதுவும் இல்லை. ஆனால் லூக்கா எழுதிய இரண்டாவது புத்தகத்தில் இருக்கிறது. பவுல் ஏதென்ஸில் விக்கிரகங்களைப் பார்த்து உள்ளம் கொதிக்கிறார். கொதித்தவர் எதையும் உடைக்கவில்லை. சுற்றித்திரிந்து கவனித்துப் பார்த்தேன், ‘அறியப்படாத தேவனுக்கு’ என்று எழுதியிருந்த ஒரு பலிபீடத்தையும் கண்டேன் என்கிறார். அப்புறம் அரியோபாகு என்ற அவர்களுடைய மன்றத்தில் பேசும்போது அவர்களுடைய புலவர் ஒருவரின் வரியையே எடுக்கிறார்: நாம் அவருடைய சந்ததியார். ஆராட்டஸ் என்ற புலவர் சுமார் 300 வருடம் முன்பு ஜீயஸைப் பாடிய வரி அது. ஆராட்டஸும் பவுலைப் போலக் கிலிக்கியா நாட்டில் பிறந்தவர்.

ஒரு படம் வந்தால் ‘பார்க்கலாமா, கூடாதா’ என்ற ஒரே கேள்வியோடு நாம் முடித்துவிடுகிறோம். அந்தக் கேள்விக்கும் இடமுண்டு. ஏறத்தாழ கி.பி. 200-இல் தெர்த்துல்லியன் என்ற ஆதிச்சபை எழுத்தாளர், அரங்கத்துக்குப் போகாதீர்கள் என்று எழுதினார். அங்கே மனிதர் சாவதைக் கைதட்டி ரசித்தார்கள், அவர் சொன்னது சரி. ஆனால் ஜனங்கள் ஒரு பாட்டைக் கேட்டு ஏன் அழுகிறார்கள் என்று பவுலைப் போல நின்று கவனிக்கிறவர்கள் நம்மில் குறைவு. அந்த அழுகையில்தான் பல நேரம் அறியப்படாத தேவனுக்கான பலிபீடம் இருக்கிறது.

(திரையில்: லூக்கா 13:34. சிறகுகளை விரித்த ஒரு கோழி.)

கடைசியாக ஓர் இடம். ஏரோதை நரி என்று சொன்ன அதே மூச்சில், இயேசு எருசலேமுக்காகப் புலம்புகிறார்: கோழி தன் குஞ்சுகளைச் சிறகுகளின்கீழ் சேர்ப்பதுபோல உன் பிள்ளைகளைச் சேர்க்க எத்தனையோ தரம் மனதாயிருந்தேன். ஏரோது நரி என்றால் தாம் சிங்கம் என்று சொல்லியிருக்கலாம். கோழி என்கிறார். நரி வந்தால் கோழியிடம் இருப்பது இரண்டு சிறகுகள்தான். குஞ்சுகளை உள்ளே இழுத்து மூடிக்கொள்ளும். நரியின் பல் முதலில் படுவது அதன் முதுகில்.

அதிகாரத்தின் தொடக்கத்தில் பிலாத்து, முடிவில் ஏரோது. இருவரும் மறுபடியும் வருவது லூக்கா 23-இல், இயேசுவை விசாரிக்கிற அன்று. பன்னிரண்டாம் வசனத்தைப் பாருங்கள். அதுவரை ஒருவருக்கொருவர் பகைவர்களாக இருந்தவர்கள், அன்றைக்குச் சிநேகிதரானார்கள்.