வெஸ்டரோஸ் ஊகங்கள்: எது நிற்கும், எது விழும்

வாசக நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். கதையின் முக்கியமான முடிச்சுகளை இங்கே வெளிப்படையாகப் பேசப்போகிறேன். இன்னும் படித்து முடிக்காதவர்கள் அதற்கு ஆயத்தமாக இருங்கள்.

வெஸ்டரோஸ் என்ற கற்பனைக் கண்டத்தில் நடக்கும், ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ வரிசையில் முதல் நாவல் 1996இலும் ஐந்தாவது 2011இலும் வெளிவந்தன. ஆறாவது இன்னும் வரவில்லை. காத்திருக்கும் வாசகர்கள் சும்மா இருக்கவில்லை. ஜான் ஸ்னோவின் தாய் யார், இளவரசன் ஏகான் உண்மையில் யார், ராணி செர்ஸியின் கழுத்தை நெரிக்கப்போவது யார் என்று நூற்றுக்கணக்கான தியரிகளை எழுதிவிட்டார்கள். அவற்றில் சில அற்புதமான வாசிப்புகள். பல, ஒரு நல்ல நாவலை வீணாக்கும் வேலை. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்பதுதான் இன்றைய பேச்சு.

இந்த நாவல்களின் கட்டுமானத்திலிருந்தே தொடங்க வேண்டும். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரே ஒரு பாத்திரத்தின் கண் வழியாகச் சொல்லப்படுகிறது. தலைப்பிலேயே பெரும்பாலும் அவர் பெயர் இருக்கும். அந்த ஆள் பார்க்காததை நமக்குக் காட்ட மாட்டார் ஆசிரியர். அவர் நினைக்க விரும்பாததையும் காட்ட மாட்டார். இதனால் ஒரு ரகசியத்தின் துண்டுகள் ஒருவரையொருவர் சந்தித்தே இராத நான்கைந்து பேரிடம் சிதறிக் கிடக்கின்றன. அந்த நான்கைந்து பேரும் தனித்தனியாக ஒரே இடத்தைச் சுட்டினால் ஊகம் நிற்கும். ஒரே ஆளின் ஒரே வாக்கியத்தைப் பிழிந்து எடுத்த ஊகம் பெரும்பாலும் விழுந்துவிடும். நான் வற்புறுத்த வந்தது இதைத்தான்.

ஜான் ஸ்னோவையே எடுத்துக்கொள்வோம். வடக்கை ஆளும் பிரபு நெட் ஸ்டார்க்கின், மணத்துக்கு வெளியே பிறந்த மகனாக வளர்ந்தவன் அவன். ஆனால் அவன் நெட்டின் மகன் அல்ல, நெட்டின் தங்கை லியானாவுக்கும் டார்கேரியன் அரசகுலத்து இளவரசன் ரேகாருக்கும் பிறந்தவன் என்ற ஊகம் 1990களின் கடைசியிலேயே வாசகர்களிடையே பரவிவிட்டது. ஓரிரு நாவல்களை மட்டும் வைத்துக்கொண்டு எப்படி அந்த முடிவுக்கு வந்தார்கள்?

முதல் நாவலில் நெட்டின் பார்வையில் 15 அத்தியாயங்கள் இருக்கின்றன. பத்தாவது அத்தியாயத்தில் காய்ச்சலில் ஒரு கனவு காண்கிறார். ஜாய் கோபுரத்தின் முன் அவர் பக்கம் 7 பேர். எதிரே அரச மெய்க்காவல் படையின் வீரர்கள் 3 பேர்: ஆர்தர் டேன், ஆஸ்வெல் வென்ட், ஜெரால்டு ஹைடவர். நெட்டின் நண்பர் ராபர்ட் தலைமையில் நடந்த கிளர்ச்சியில் ரேகாரின் தந்தை மன்னர் ஏரிஸ் இறந்துவிட்டார், ரேகாரும் இறந்துவிட்டான். ராணியும் இளவரசன் விசெரிஸும் டிராகன்ஸ்டோனுக்குத் தப்பிவிட்டார்கள். அவர்களோடு போன வில்லம் டாரி நல்லவர்தான், ஆனால் அந்தப் படையைச் சேர்ந்தவர் அல்ல என்று கனவிலேயே ஒருவர் சொல்கிறார். அப்படியானால் அரசனைக் காக்க உறுதி பூண்ட மூன்று பேர் அரசகுலத்தார் இருக்கும் இடத்துக்குப் போகாமல் இந்தத் தனிக் கோபுரத்தை ஏன் காக்கிறார்கள்? உள்ளே ஓர் இளவரசியோ ஒரு வாரிசோ இல்லாவிட்டால் இதற்கு விடையே இல்லை.

அடுத்தது, அதே கனவில் லியானா கிடந்த நிலை. ‘குருதிப் படுக்கை’யில் கிடந்தாள் என்று நெட் நினைக்கிறார். காயத்தால் இறந்தாள் என்று கொள்ளலாம். ஆனால் அதே நாவலில், கடலுக்கு அப்பால், மிர்ரி மாஸ் டூர் என்ற மருத்துவச்சி, மன்னர் ஏரிஸின் மகள் டெனேரிஸிடம், பிரசவம் பார்ப்பதைக் குறிக்க ஏறக்குறைய இதே சொல்லைப் பயன்படுத்துகிறாள். நெட்டுக்கும் அவளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒரே எழுத்தாளர் ஒரே நூலில் இரண்டு இடத்தில் வைத்த சொல் இது. முதல் வாசிப்பில் இதைக் கவனிக்கவே முடியாது. இரண்டாம் வாசிப்பில் மின்சாரம் பாய்கிறது.

மூன்றாவது, நீல நிறக் குளிர்கால ரோஜா. ஹாரன்ஹால் போட்டியில் வென்ற ரேகார் தன் மனைவியைக் கடந்துபோய் லியானாவின் மடியில் அந்த மலர் மகுடத்தை வைத்தான். இது நெட்டின் நினைவு. இரண்டாம் நாவலில் டெனேரிஸ் ‘இறவாதோர் இல்லம்’ என்ற மந்திரவாதிகளின் மாளிகையில் பார்க்கும் காட்சிகளில் ஒன்று, பனிச் சுவரின் விரிசலில் பூத்த ஒரு நீல மலர். ஜான் அப்போது காவல் இருப்பது பனிச் சுவரில். டெனேரிஸுக்கு ஜானைத் தெரியாது. லியானாவின் மகுடத்தைப் பற்றியும் அவள் எண்ணியதில்லை.

காலக்கணக்கும் பொருந்துகிறது. ராணி டிராகன்ஸ்டோனுக்குத் தப்பி 9 மாதங்கள் கழித்து டெனேரிஸ் பிறந்தாள் என்று நூல் சொல்கிறது. ஜான் அவளைவிட ஏறத்தாழ 8 அல்லது 9 மாதம் மூத்தவன் என்று மார்ட்டினே ஒரு வாசகருக்குச் சொல்லியிருக்கிறார். ஆக, தலைநகர் வீழ்ந்த காலத்தை ஒட்டித்தான் ஜான் பிறந்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் நெட் கோபுரத்துக்குப் போகிறார். ஒரு தியரியை எழுதுமுன் இப்படிக் காகிதத்தில் மாதங்களைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். பாதி ஊகங்கள் இங்கேயே உதிர்ந்துவிடும்.

காரணமும் வேண்டும். ரேகாரின் குழந்தைகள் கொல்லப்பட்டு அவர்களின் உடல்கள் புதிய மன்னர் ராபர்ட்டின் முன் வைக்கப்பட்டன. ராபர்ட் அதைத் தவறென்று நினைக்கவில்லை. நெட் அதற்காகவே அவரோடு சண்டையிட்டுப் பிரிந்தார். ரேகாரின் இன்னொரு பிள்ளை இருப்பது தெரிந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். நேர்மைக்குப் பெயர்போன மனிதர் வாழ்நாள் முழுதும் ஒரு பொய்யைச் சுமக்க இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

எதிர்த்தரப்பையும் பார்த்துவிட வேண்டும். பலர் செய்யாமல் விடும் வேலை அது. நாவல்களுக்குள்ளேயே வேறு தாய்மார்களின் பெயர்கள் வருகின்றன. நெட்டின் மனைவி கேட்லின் கேள்விப்பட்டது அஷாரா டேன். நெட்டே ராபர்ட்டிடம் சொன்னது வில்லா. ஐந்தாம் நாவலில் சிஸ்டர்டன் பிரபு டாவோஸிடம் சொல்வது ஒரு மீனவர் மகள். மூன்றும் ஒன்றையொன்று மறுக்கின்றன. சொன்னவர்களில் எவரும் பிறப்பை நேரில் கண்டதாகச் சொல்லவில்லை. மூன்றாம் நாவலில் எட்ரிக் டேன் நெட்டின் மகள் ஆர்யாவிடம், ஜானின் தாய் வில்லா, அவளே தனக்கும் பால் கொடுத்தவள் என்கிறான். அதையும் நம் ஊகம் தாங்குகிறது: தாயில்லாக் குழந்தைக்குப் பால் கொடுக்க ஒருத்தி தேவைப்பட்டாள். எதிர்ச் சான்றை ஒதுக்கித் தள்ளாமல் தன்னுள் இடம் கொடுக்கும் ஊகமே வலுவான ஊகம்.

2016 ஜூன் 26 அன்று இந்த நாவல்களை வைத்து எடுத்த ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடரின் ஆறாம் பருவ இறுதிப் பகுதி இதைத் திரையில் காட்டியது. தொடரை எடுக்க அனுமதி கேட்டு வந்த டேவிட் பெனியாஃப், டி. பி. வைஸ் இருவரிடமும் மார்ட்டின் கேட்ட கேள்வியே ஜான் ஸ்னோவின் தாய் யார் என்பதுதான். ஆனால் நாவலில் இன்னும் யாரும் இதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. கோபுரத்திலிருந்து உயிரோடு திரும்பிய இன்னொருவரான ஹௌலண்ட் ரீடு ஐந்து நூல்களிலும் கதையின் நிகழ்காலத்துக்குள் வரவே இல்லை.

திரையையும் நூலையும் கலப்பது இந்தத் துறையின் மிகப் பெரிய குழப்பம். நான்காம் நாவலில் துறவிகள் வாழும் அமைதித் தீவுக்குப் பிரையன் என்ற வீராங்கனை போகிறாள். அங்கே ஓர் உயரமான ஆள் குழி தோண்டிக்கொண்டிருக்கிறான்; முகத்தின் கீழ்ப்பாதியைத் துணி மறைக்கிறது; நொண்டுகிறான். லாயத்தில் யாருக்கும் அடங்காத ஒரு கறுப்புக் குதிரை. மூத்த துறவி, ‘வேட்டைநாய்’ செத்துவிட்டது என்கிறார். அந்தப் பட்டப்பெயர் கொண்ட வீரன் சாண்டோர் கிளகேனைப் பற்றியோ, அவன் அமைதியில் இருக்கிறான் என்று மட்டும் சொல்கிறார். தொடையில் காயத்தோடு ஆர்யா விட்டுவந்த சாண்டோர்தான் அவன் என்று வாசகர்கள் 2005 முதல் சொன்னார்கள். 2016 ஜூனில் திரையில் சாண்டோர் உயிரோடு வந்தான். ஆனால் வேறொரு ஊரில், வேறொரு துறவியோடு. திரை முடிவை உறுதிப்படுத்தியது, வழியை அல்ல. செர்ஸிக்குச் சொல்லப்பட்ட குறியில் தம்பியின் கை கழுத்தை நெரிக்கும் என்ற பகுதியைத் தொடர் எடுக்கவே இல்லை. ஆகையால் 2019இல் அவள் இடிபாடுகளில் சிக்கி இறந்ததை வைத்து நாவலின் குறி பொய்த்தது என்று வாதிடுவது சரியல்ல.

ஆசிரியரின் பிழைகளும் வாசகர்களைத் திசைதிருப்பியிருக்கின்றன. நெட்டின் மகன் ராப் ஸ்டார்க்கின் மனைவி ஜெயின் வெஸ்டர்லிங்குக்கு நல்ல இடுப்பு என்று மூன்றாம் நாவலில் கேட்லின் நினைக்கிறாள். நான்காம் நாவலில் ஜேமி பார்க்கும்போது அவள் குறுகிய இடுப்பினள். உடனே, பெண்ணை மாற்றிவிட்டார்கள், உண்மையான ஜெயின் கருவுற்றுத் தப்பிவிட்டாள் என்று ஒரு பெரிய தியரி எழுந்தது. அது தன் கைத்தவறு என்று மார்ட்டின் ஒப்புக்கொண்டார். உடல் அடையாளத்தில் வரும் ஒற்றை முரண்பாட்டை, வேறு துணைச் சான்று இல்லாதவரை, தடயமாக எடுக்கவே கூடாது.

தீர்க்கதரிசனங்களை எப்படி எடைபோடுவது என்று நாவலே கற்றுத்தருகிறது. ராபர்ட்டின் தம்பி ரென்லி பச்சைக் கவசத்தோடு வந்து தன் அண்ணன் ஸ்டானிஸின் படையைத் தலைநகரில் நொறுக்குவதை, ஸ்டானிஸின் பெண் பூசாரி மெலிசாண்ட்ரே நெருப்பில் பார்த்தாள். ரென்லி முன்பே கொல்லப்பட்டான். ஆனாலும் காட்சி பலித்தது, அவன் கவசத்தை அணிந்து வேறொருவன் வந்ததால். சாகும் தறுவாயில் இருக்கும் குதிரையில் வரும் சாம்பல் நிறப் பெண்ணை ஆர்யா என்றாள். வந்தவள் அலிஸ் கார்ஸ்டார்க். இரண்டிலும் காட்சி சரி, பொருள் கொண்டதுதான் தவறு. எனவே ஒரு தீர்க்கதரிசனம் மற்ற சான்றுகளுக்குத் துணையாக நிற்கலாம்; அதையே அடித்தளமாக வைத்துக் கட்டக்கூடாது.

எழுதும்போது ஒவ்வொரு தடயத்துக்கும் நூல், அத்தியாயம், யாருடைய பார்வை ஆகிய மூன்றையும் குறியுங்கள். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். அதை நம்ப வேண்டாம். பக்கத்திலேயே, அந்தப் பாத்திரம் நேரில் கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா, கனவா, குறியா என்று எழுதுங்கள். நேரில் கண்டது ஒன்றுகூட இல்லாமல் எல்லாமே கனவும் குறியுமாக இருந்தால், உங்கள் கையில் இருப்பது தியரி அல்ல, ஆசை. எது வந்தால் இந்த ஊகம் செத்துப்போகும் என்பதையும் கடைசியில் எழுதிவிடுங்கள். எதனாலும் சாகாத ஊகத்தால் யாருக்கும் பயன் இல்லை.

இந்த முறையை, இன்னும் விடை வராத ஒன்றில் போட்டுப் பார்ப்போம். ஐந்தாம் நாவலில் வரும் இளைஞன் ஏகான், தலைநகர் வீழ்ந்தபோது கொல்லப்பட்டதாகக் கருதப்பட்ட ரேகாரின் மகன்தான், வேறு குழந்தையை வைத்து மாற்றிக் காப்பாற்றப்பட்டவன் என்கிறார்கள். பல வாசகர்கள் அவன் போலி, டார்கேரியன் குலத்திலிருந்து பிரிந்து அரியணைக்குப் போட்டியிட்ட பிளாக்ஃபயர் கிளையின் வாரிசு என்கிறார்கள். அந்தக் கிளை ஆண்வழியில் அற்றுப்போனது என்று, ஏகானை ஆதரிக்கும் வணிகன் இல்லிரியோ சொல்கிறான்; ஆண்வழி என்று அழுத்திச் சொல்வானேன்? பிளாக்ஃபயர்களை அரியணையேற்ற உருவான கோல்டன் கம்பெனி என்ற கூலிப்படை, ஒப்பந்தம் மீறாதது என்ற தன் பெருமையை உடைத்துக்கொண்டு ஒரு டார்கேரியனுக்காக ஏன் வருகிறது? நான்காம் நாவலில் ஒரு சத்திரத்தின் கறுப்பு டிராகன் பலகை உடைத்தெறியப்படுகிறது; பல ஆண்டுகள் கழித்து அதன் ஒரு தலை துருவேறிச் சிவப்பாகக் கரை ஒதுங்குகிறது. பிளாக்ஃபயர் சின்னம் கறுப்பு டிராகன். டார்கேரியன் சின்னம் சிவப்பு. மூன்று தடயங்கள், மூன்று வெவ்வேறு திசைகள். எனக்கு இந்த ஊகத்தில் நம்பிக்கை உண்டு.

எதிரே ஒரு கனமான சான்று நிற்கிறது. ஐந்தாம் நாவலின் கடைசியில், சாகும் கெவன் லானிஸ்டரிடம் உளவுத் தலைவர் வாரிஸ், ஏகான் வந்துவிட்டான், ஆளவே வளர்க்கப்பட்டவன் என்கிறார். சாகிறவனிடம் பொய் சொல்ல என்ன தேவை? ஆனால் ரேகாரின் மகன் என்று அங்கே அவர் சொல்லவில்லை. அறையில் அவருடைய சிறுவர்களும் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். இந்த விளக்கம் போதும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஆறாம் நாவல் வரும்போது, இல்லிரியோவின் இறந்த மனைவி செர்ரா யார் வழி வந்தவள் என்ற செய்தி வருகிறதா என்று பாருங்கள். தலைநகர் வீழ்ந்தபோது குழந்தையை மாற்றியதை நேரில் கண்ட யாராவது பேசுகிறார்களா என்று பாருங்கள். அப்படி ஒருவர் பேசினால் பிளாக்ஃபயர் ஊகம் முடிந்தது. ஒரு டிராகன் அவனை ஏற்றுக்கொண்டால் மட்டும் அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். பிளாக்ஃபயர் கிளையும் டார்கேரியன் மன்னர் நான்காம் ஏகானின் வழி வந்ததுதான். அந்தச் சோதனை இருவரையும் பிரித்துக் காட்டாது.