பறவைக்கு ஏது கைக்கடிகாரம்?

வணக்கம் நேயர்களே.

ஆண்டு இறுதி விடுமுறையில் தமிழ்நாட்டுக்குப் போகும் நம் பினாங்குக் குடும்பங்களில் சிலராவது ஒரு நாளை வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துக்கு ஒதுக்குகிறார்கள். சென்னையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஹோட்டலில் இட்லி, பொங்கலை எல்லாம் ஒரு கை பார்த்துவிட்டுக் கிளம்பினால், பதினொரு மணிக்கு ஏரிக்கரையில் நிற்பீர்கள். கண்ணைக் கூசும் வெயில் இருக்கும். பாதிப் பறவைகள் இரை தேடிச் சுற்றுவட்டார வயல்களுக்கும் ஏரிகளுக்கும் போயிருக்கும். "பெருசா ஒண்ணுமில்லையே" என்று திரும்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த நேரத்தில் போனவர்கள்தான்.

இதில் நமக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பினாங்கில் சூரியன் எழவே ஏழேகால் ஆகிறது. மாலை ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. இங்கே எட்டு மணிக்குக் காட்டுக்குப் போனாலும் விடிந்து முக்கால் மணி நேரம்தான் ஆகியிருக்கும். டிசம்பர் மாதத்துச் சென்னைப் பக்கம் ஆறு இருபதுக்கெல்லாம் சூரியன் வந்துவிடும், ஆறு மணிக்கு முன்பே மறைந்தும்விடும். அங்கே எட்டு மணி என்பது ஒன்றரை மணி நேரத் தாமதம். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரில், அந்தத் தேதியில் சூரியன் எழும் நேரத்தையும் மறையும் நேரத்தையும் முதலில் பாருங்கள். ஹோட்டல் பதிவெல்லாம் அப்புறம்.

வேடந்தாங்கலுக்கு விடியும்போது போக முடியாதென்றால், மாலை நான்கு மணிக்குப் போங்கள். கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் நேரம் அது. ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் இடம் பிடிக்க நடக்கும் தள்ளுமுள்ளையே ஒரு மணி நேரம் பார்க்கலாம். நவம்பரிலிருந்து மார்ச் வரை பருவம். ஆனால் வடகிழக்குப் பருவமழை பொய்த்து ஏரி நிரம்பாவிட்டால் பறவை தங்காது. அதனால் போவதற்கு முன் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் நெல்லுக்கு உரம் என்று அந்த ஊர்க்காரர்களுக்கு எப்போதோ தெரியும். வேட்டையாட வந்தவர்களுக்கு எதிராக 1798-லேயே ஆங்கிலேய கலெக்டரிடம் உத்தரவு வாங்கி வைத்தவர்கள் அவர்கள்.

நம் ஊருக்கு வருவோம். தண்ணீர்மலை முருகன் கோயிலைத் தாண்டினால் தாவரவியல் பூங்கா. 1884-இல் தொடங்கியது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட லோத்தோங் குரங்கை அங்கே நன்றாகப் பார்க்கலாம். இலைதான் அதன் முக்கிய உணவு. இலை வயிற்றில் புளித்துச் செரிக்க வெகுநேரம் பிடிக்கும். ஆகவே காலையில் தளிர் தின்றுவிட்டு, நடுப்பகலில் நிழலான கிளையில் அசையாமல் உட்கார்ந்துவிடும். அந்த நேரத்தில் உடம்பைத் தேடினால் அகப்படாது. இலைகளுக்கு நடுவே நேராகத் தொங்கும் நீண்ட வாலைத் தேடுங்கள். ஒரு வால் தெரிந்தால் பக்கத்தில் இன்னும் நாலைந்து இருக்கும். தாயின் வயிற்றில் ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அது குட்டி; ஏறத்தாழ ஆறு மாதத்தில் அந்த நிறம் சாம்பலாகிவிடும்.

அதே பூங்காவில் திரியும் நீண்டவால் குரங்குகள் வேறு ரகம். பிளாஸ்டிக் பையின் சத்தமே அவற்றுக்குச் சாப்பாட்டு மணி. நாசி லெமாக் பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டுப் போனால் பையோடு போய்விடும். பல்லைக் காட்டி உற்றுப் பார்த்தால் அது சிரிப்பு அல்ல. பார்வையை விலக்கிக்கொண்டு மெதுவாகப் பின்வாங்குங்கள். ஓடக் கூடாது.

பெருநிலப் பக்கம், பட்டர்வொர்த்துக்கு வடக்கே தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலமூடா வரை சேற்றுக் கடற்கரை நீள்கிறது. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை சைபீரியா பக்கமிருந்து வரும் உள்ளான், உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகள் இங்கே தங்குகின்றன. உலகத்திலேயே அருகிவிட்ட நார்ட்மன் பச்சைக்காலியும் அவற்றில் ஒன்று. இங்கே சூரியனைவிடக் கடலின் ஏற்ற இறக்கக் கணக்கே முக்கியம். தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது பறவைகள் வெகுதூரத்தில் புள்ளிகளாகத் தெரியும். முழு ஏற்றத்தில் சேறே இருக்காது. பறவைகள் வேறிடம் போய் ஒதுங்கிவிடும். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம் முன்பு போய் உட்கார்ந்துவிட்டால், ஏறும் தண்ணீரே பறவைகளை உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். எழுந்து கிட்டே போக வேண்டியதில்லை, போனால் கூட்டமே கிளம்பிவிடும். இன்னொன்று: இந்தக் கரை மேற்கு பார்த்தது. மாலையில் வெயில் முகத்துக்கு நேரே அடிக்கும், எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். காலையில் ஏற்றம் வரும் நாளாக, கடல் ஏற்ற இறக்க அட்டவணையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கோலாலம்பூர் நேயர்களுக்கு எட்டும் தூரத்தில் போர்ட்டிக்சனுக்குப் பக்கத்தில் இருக்கிறது தஞ்சோங் துவான் என்ற கடல்முனை. பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை, சுமத்ரா பக்கமிருந்து தேன்பருந்துகள் மலாக்கா நீரிணையைக் கடந்து வடக்கே போகும் பாதை அது. சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும் என்று இவ்வளவு நேரம் சொன்னது இங்கே செல்லாது. பருந்து ஏறுவது நிலம் சூடாகி எழும் வெப்பக் காற்றில். கடலின் மேல் அந்தக் காற்று கிடைக்காது. அதனால் அக்கரையில் வெயில் ஏறி, உயரம் பிடித்த பிறகே புறப்படும். இங்கே பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரைதான் நல்ல வரத்து. கடைசிக் கிலோமீட்டர்களில் தாழ்ந்து, சிறகை அடித்து அடித்து, களைத்து வரும். முனையைத் தொட்டதும் மேலெழும் காற்றில் சிறகை விரித்துச் சுற்றத் தொடங்கும். அந்தக் கணத்தில் வெறுங்கண்ணுக்கே இறகின் பட்டைகள் தெரியும். மழை நாளில் போய்க் காத்திருப்பது வீண்.

பைனாகுலர் வாங்குவோருக்கு 8×42 போதும்; அதாவது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், 42 மில்லிமீட்டர் முன்வில்லை கொண்டது. பத்து மடங்கு என்று ஆசைப்பட்டால் கை நடுக்கமும் பத்து மடங்காகும். வாங்கியதும் ஒருமுறை கண்ணுக்கு ஏற்பச் சரிசெய்யாததால்தான் பலருக்குத் தலை வலிக்கிறது. வலப்பக்க வில்லையை மூடி, இடக்கண்ணால் தூரத்துப் பெயர்ப்பலகையைப் பார்த்து நடுச் சக்கரத்தைத் திருப்புங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, அதே பலகையை வலக்கண்ணால் பார்த்து, வலக்கண் அருகிலுள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். அந்த வளையத்தை இனி தொட வேண்டாம். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணருகே இருக்கும் ரப்பர் விளிம்பைக் கீழே இறக்கிக்கொள்ள வேண்டும்.

ஏர்கண்டிஷன் அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் கண்ணாடியில் நீர் படியும். அவசரத்தில் சட்டையால் துடைத்தால் பூச்சு கீறும். பையை மூடியபடியே வெளியே ஓர் இருபது நிமிடம் வைத்துவிட்டுத் திறவுங்கள். வீட்டில் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வையுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அலமாரியில் வைத்தால் வில்லைக்குள் பூஞ்சை பிடிப்பது நிச்சயம்.

மூணாறு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரவிகுளம் பூங்காவில் வரையாடு ஆள் பக்கத்திலேயே மேயும். ஆனால் குட்டி போடும் காலம் என்பதால் பிப்ரவரி, மார்ச்சில் வழக்கமாகப் பூங்காவை மூடிவிடுவார்கள். ஏப்ரலில் போனால் குட்டிகளோடு பார்க்கலாம்.

பழனி, திருச்செந்தூர் என்று தொடர்கிறவர்கள் மயில்தோகை வாங்கிப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். அங்கே கடையில் விற்றாலும், இந்தியாவிலிருந்து அதை ஏற்றுமதி செய்யத் தடை உண்டு. கேமரா, டார்ச் விளக்குக்கான லித்தியம் உதிரி பேட்டரிகளையும் பெரிய பெட்டியில் போடக் கூடாது. கைப்பையில்தான் வர வேண்டும்.

நன்றி, வணக்கம்.